நண்பனின் கடைசிப் பதிவில் அவன் மூச்சு கேட்கிறது. வெட்டிவிடலாமா?

நிற்கும்காற்று எழுதியது:

ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் தெரிந்தவர்கள், கூட வேலை செய்த ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், இரண்டு தரப்பும் இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் நீளம். சுருக்கப் பார்த்தேன், வரவில்லை.

நானும் என் நண்பனும் ஒன்பது வருடம் சேர்ந்து ஒலிச்சித்திரங்கள் செய்தோம். அவன் பதிவு செய்வான். நான் எழுதி, என் குரலில் பேசுவேன். மலை, பனியாறு, கடற்குகை என்று ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போவோம். அங்கே காதில் விழுவதை வைத்து இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு சித்திரம். பதினான்கு முடித்தோம். பதினைந்தாவது பாதியில் நிற்கிறது. அவன் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிற எல்லோரும் தப்பாகவே நினைக்கிறார்கள். அவன் மலையில் சாகவில்லை. பாறையிலிருந்து விழவில்லை, பனிச்சரிவில் புதையவில்லை, கயாக் கவிழ்ந்து முழுகவில்லை. கணையப் புற்றுநோய். தெரிந்த நாளிலிருந்து நாலரை மாதம். கடைசி மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "மனதுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போய்ச் சேர்ந்தார்" என்று பேசினார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. பிடித்ததில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாமல்தான் அவன் போனான். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வான். அதுதான் மிஞ்சியது.

சாகசக்காரன் என்றதும் சிகரத்தில் கையை விரித்து நிற்கும் படம்தான் எல்லோர் மனதிலும் வருகிறது. அப்படி ஒரு படம்கூட அவனுக்குக் கிடையாது. அவனோடு நடப்பது என்றால் பாதி நேரம் நிற்பதுதான். திடீரென்று நின்று கையை உயர்த்துவான். நானும் நின்றுவிட வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் மூடிக்கொள்வான். ஒரு நிமிடம், சில சமயம் பத்து நிமிடம். பிறகு, "அந்த ஓடை கல்லுக்கு அடியில் ஓடுகிறது, மேலே இல்லை" என்பான். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஆபத்தான இடங்களுக்கு அவன் போனது ஆபத்துக்காக இல்லை. ஆளும் இயந்திரமும் வராத இடம்தான் அவனுக்கு வேண்டும். அது பெரும்பாலும் ஏறுவதற்குக் கஷ்டமான இடமாகவே இருந்துவிடும்.

அவனுக்கு ஒரே ஒரு விதி உண்டு: பதிவு செய்கிறவன் பதிவில் இருக்கக் கூடாது. இதில் கொஞ்சம்கூட இளக்கம் கிடையாது. நைலான் சட்டை சரசரக்கும் என்று வெளியே எப்போதும் கம்பளிதான் போடுவான். ஜிப்பின் உலோகப் பிடிகளைக் கழற்றிவிட்டு நூல் கோத்து முடிச்சுப் போட்டிருப்பான், என் ஜாக்கெட்டிலும் சேர்த்து. அந்த முடிச்சுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ரெக்கார்டரை ஓடவிட்டதும் மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு அதற்குள்ளேயே மூச்சு விடுவான். ஒரு முறை பனியாற்றின் முகப்பு உடைந்து விழும் சத்தத்துக்காக இரண்டு பகல் காத்திருந்தோம். அருமையாகக் கிடைத்தது. ஆனால் விழுவதற்குச் சற்று முன்பு யாரோ எச்சில் விழுங்கியது பதிவாகியிருந்தது. அவனா நானா என்று தெரியாது. "நாளைக்கு இன்னொன்று விழும்" என்று அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டான். இன்னும் இரண்டு பகல் உட்கார்ந்தோம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

பதினைந்தாவது சித்திரம் ஒரு உறைந்த ஏரியைப் பற்றியது. நாலாயிரம் மீட்டருக்கு மேலே. உறைந்த ஏரி இரவில் பாடும் என்று அவன் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெயில் இறங்கிக் குளிர் மளமளவென்று ஏறும்போது பனித்தகடு சுருங்கி விரிசல் விடும். அந்த அதிர்வு தகட்டின் வழியாகவே ஓடி வரும். ஓடும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலி முந்திக்கொள்ளும், கனத்த ஒலி பின்தங்கும். அதனால் தொலைவில் விட்ட ஒரு விரிசல் நம்மிடம் வந்து சேரும்போது 'டியூவ்வ்' என்று மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும். அதை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கை மயிர் நின்றது. அவன் அழுதான். அழுததும் சத்தமில்லாமல்தான்.

ஒரு துளை போட்டு ஹைட்ரோபோனை, அதாவது நீருக்குள் கேட்கும் மைக்கை, தண்ணீருக்குள் இறக்கினான். அது மூன்றாவது டிராக். வெளியே கட்டைத் தாங்கியில் இரண்டு மைக், பதினேழு சென்டிமீட்டர் இடைவெளி, நூற்றுப்பத்து பாகை விரிவு. அவை முதல் இரண்டு. வழக்கமாக அந்தத் தாங்கியை இருபது மீட்டர் தள்ளி வைப்பான். இந்த முறை நீளக் கேபிளைக் கீழ் முகாமிலேயே விட்டுவிட்டு வந்தோம். அவனுக்கு முதுகு வலி. "பை பட்டை சரியில்லை, எடையைக் குறை" என்று சொன்னவன் நான். அந்தப் பயணம் முழுக்கப் பட்டையைத்தான் இறுக்கி, தளர்த்தி, இறுக்கிக்கொண்டிருந்தேன். ஆள் மெலிந்திருந்தான். நடை நன்றாகப் பழகியிருக்கிறது என்று பாராட்டினேன். எட்டு வாரம் கழித்து டாக்டர், முதுகு வலியும் இளைத்ததும் எதனால் என்று சொன்னார்.

ஆக மைக் கூடார வாசலிலிருந்து மூன்றே மீட்டரில் இருந்தது. அவன் வாசலில் குப்புறப் படுத்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தான். நான் உள்ளே தூங்கிவிட்டேன். நாற்பத்தேழு நிமிடப் பதிவு. காற்றே இல்லாத இரவு, அத்தனை சுத்தம். ஆனால் இருபதாவது நிமிடத்திலிருந்து மூச்சு கேட்கிறது. மெதுவாகத் தொடங்கும், ஏறும், வேகமாகும், பிறகு அப்படியே நின்றுவிடும். எண்ணிப் பார்த்தால் எட்டு, பத்து விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு பெரிய இழுப்பு, மறுபடி தொடக்கம். வியாதி அப்போதே உள்ளே இருந்திருக்கிறது, அவன் திணறிக்கொண்டிருந்திருக்கிறான், பக்கத்தில் நான் தூங்கியிருக்கிறேன். அதைக் கேட்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

இன்னொன்று. 38-வது நிமிடத்தில் துணி உரசும் சத்தம் ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடத்தில் அவன் பதிவு நடுவே அசைந்து நான் கண்டதில்லை. அவனுடைய குறிப்பேட்டில் அந்தக் கோப்புக்கு நேரே, "38: கை அசைவு. என் தவறு" என்று மட்டும் எழுதியிருக்கிறான்.

அடுத்த மாதம் அவன் அம்மாவும் தங்கையும் நண்பர்களும் கூடுகிறார்கள். பதினைந்தாவதை முடித்து அங்கே போடச் சொல்கிறார்கள். அவன் விதிப்படி மூச்சை வெட்ட வேண்டும். ஆனால் அவனுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அந்த மூச்சுதான். என்ன செய்யட்டும்?

---

ஒலிமேசை எழுதியது:

வருத்தமாக இருக்கிறது நண்பரே. நான் இருபது வருடமாக ஒலிக்கலவை செய்கிறேன். தொழில் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது.

எதைச் செய்வதற்கும் முன்னால், அவர் எடுத்த மூலக் கோப்புகள் எல்லாவற்றையும் மூன்று இடத்தில் வையுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனம், ஒன்று வேறொரு வீட்டில். எடிட் செய்வது எப்போதும் நகலில்தான். மனம் கலங்கியிருக்கும் நேரத்தில் மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெட்ட முடியுமா என்றால், முடியும். ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்தால் பனியின் ஒலி மேலிருந்து கீழே வளைந்து இறங்கும் மெல்லிய கோடாகத் தெரியும். மூச்சு அப்படியில்லை, புகை மாதிரி அகலமாகப் பரவிக் கிடக்கும். இரண்டும் தனித்தனியாக வரும் இடங்களில் சுலபமாக எடுத்துவிடலாம். ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் மூச்சை எடுத்தால் பனியின் ஒலியிலும் ஓட்டை விழும், தண்ணீருக்குள் கேட்பது போலக் குழைந்துவிடும். அதை அடைக்க அதே இரவின் முதல் இருபது நிமிடத்திலிருந்து வெறும் அமைதியை எடுத்துப் போட வேண்டும். நல்ல வேளை, அது உங்களிடம் இருக்கிறது.

மூன்றாவது டிராக்கில், தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரோபோனில், மூச்சு இருக்கவே இருக்காது. அதை முதுகெலும்பாக வைத்து முழுச் சித்திரத்தையும் கட்டலாம். ஆனால் அதில் வெளி இருக்காது. நீருக்குள்ளும் பனிக்குள்ளும் ஒலி காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும், அதனால் ஒரே விரிசல் மூன்றாவது டிராக்கில் முதலிலும் காற்று மைக்கில் சற்றுப் பிந்தியும் வரும். அந்தப் பிந்தல்தான் கேட்பவருக்கு 'ஏரி இவ்வளவு பெரியது' என்று சொல்கிறது. காற்று மைக்குகளை முழுக்கத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். இடது டிராக், வலது டிராக் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டீர்களா? மூச்சு எந்தப் பக்கம் தூக்கலாக இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம் இருந்தது? வெட்டும் முன்பு, எதை வெட்டுகிறோம் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

---

மூன்றாம்தந்தி எழுதியது:

வெட்டுங்கள் என்பதுதான் என் பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள், பட்டுச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் தாளம் வாசித்தவர் இறந்த பிறகு, அவருடைய கடைசி ஒத்திகைப் பதிவை அப்படியே வெளியிட்டோம். தடுமாறிய இடங்கள், நடுவில் அவர் சலித்துக்கொண்டது, எல்லாவற்றோடும். உயிரோடு இருந்திருந்தால் அதைக் கேட்க ஒருவரையும் விட்டிருக்க மாட்டார். எங்களுக்கு அழுகை வந்தது என்பதற்காக அதை வெளியே விட்டோம். கேட்டவர்கள் அவர் வாசிப்பைப் பற்றிப் பேசவில்லை, அவர் சாவைப் பற்றித்தான் பேசினார்கள். நாலு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அதை எடுத்துவிட்டிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் நண்பர் ஒன்பது வருடம் ஒரு விதியைக் காப்பாற்றினார். எச்சில் விழுங்கிய சத்தத்துக்காக இரண்டு நாள் கூடுதலாக உட்கார்ந்தவர். அந்த விதிதான் அவர் கையெழுத்து. மூல மூச்சை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவர் அம்மாவுக்குக் கொடுங்கள். சித்திரத்தில் அது வேண்டாம்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் உரையும் அவர் ஒலியும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த சித்திரங்கள் கூட்டுப் படைப்பாகத்தான் பார்க்கப்படும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி கூட்டுப் படைப்புக்கு இருவரில் கடைசியாக மறைபவரின் இறப்பிலிருந்துதான் பதிப்புரிமைக் காலம் கணக்கு. அவர் பங்கு வாரிசுக்குப் போகும். மூலப் பதிவுகளின் கணக்கு வேறு, ஒலிப்பதிவுக்கென்று தனி உரிமை உண்டு, காலம் நாட்டுக்கு நாடு மாறும். இன்றைக்கு அவர் வீட்டில் "எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள், மனதாரத்தான் சொல்வார்கள். இருந்தாலும் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அது நல்லது. இன்னொன்று, அதே உடன்படிக்கையில் 1928-ல் சேர்த்த ஒரு பிரிவு, ஆக்கியவரின் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையை ஆக்கியவருக்குத் தருகிறது. பணம் வாங்கிக்கொண்டு உரிமையை விற்றாலும் அது அவரிடமே இருக்கும். சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. உங்கள் நண்பருக்கு அந்த விதி எதுவாக இருந்ததோ, அதற்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

---

இரட்டைமுடிச்சு எழுதியது:

தம்பி, நான் ஒலி விஷயம் அறியாதவன். முப்பது வருடம் மலையேற்றக் கயிற்றின் மறுமுனையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த மூச்சு. நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மெல்லத் தொடங்கி, ஏறி, வேகமாகி, நின்று, பிறகு பெரிய இழுப்பு. தம்பி, இது புற்றுநோய் இல்லை. உயரத்தில் தூங்குகிறவனின் மூச்சு இது. மேலே ஆக்சிஜன் குறைவு, அதனால் உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். மூச்சு விடு என்று மூளைக்குச் சொல்வதே அந்த வாயுதான். அது குறைந்ததும் மூளை சும்மா இருந்துவிடும், மூச்சு நிற்கும். நிற்கும் நேரத்தில் வாயு மறுபடி சேரும், உடனே பெரிய இழுப்பு. இரவெல்லாம் இப்படியே சுற்றும். நாலாயிரத்துக்கு மேலே நல்ல திடமானவர்களுக்கும் வரும். முதன்முதலில் பக்கத்தில் படுத்துக் கேட்கிறவன் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுவான். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

விழித்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு இது இப்படி வராது. அதனால் ஒன்று கேட்கிறேன். பதிவு ஓடும்போது உங்கள் நண்பர் தூங்குவாரா?

அடுத்தது, அந்த இரங்கல் கூட்டப் பேச்சு. மலையில் போனவர்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறார்கள், அங்கேயும் அது பொய்தான். என் கயிற்றுத்துணை நிஜமாகவே மலையில்தான் போனான். பிடித்ததைச் செய்துகொண்டே போகவில்லை. குளிரில் நடுங்கி, வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான். பக்கத்தில் நான் இருந்தேன். அதை நான் எங்கும் எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன்.

குர்ட் டீம்பெர்கர், ஜூலி டுல்லிஸ் என்று இருவர். சேர்ந்து மலைகளில் படம் எடுத்தவர்கள். அவர் கேமரா, அந்த அம்மா ஒலிப்பதிவு, ஏறத்தாழ உங்களைப் போலத்தான். 1986 ஆகஸ்ட் 4-ந் தேதி இருவரும் கே2 சிகரத்தைத் தொட்டார்கள். இறங்கும்போது சுமார் 8000 மீட்டரில் இருந்த கடைசி முகாமில் புயல் பல நாள் அடைத்துப் போட்டது. ஏழு பேரில் இரண்டு பேர்தான் கீழே வந்தார்கள், டீம்பெர்கர் ஒருவர். ஜூலி அங்கேயே இறந்துபோனார். பனிக்கடி பட்டு விரல்களை இழந்த பிறகும் டீம்பெர்கர் உட்கார்ந்து அந்த மலையைப் பற்றியும் அந்த அம்மாவைப் பற்றியும் எழுதினார். அவரை மலைத்தெய்வமாக்கி எழுதவில்லை. எந்தக் கூடாரத்தில் யார் எப்படிப் படுத்திருந்தார்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற அளவில் எழுதினார். என் கயிற்றுத்துணை போன பிறகு எனக்குப் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

முதுகு வலிக்குப் பட்டையை இறுக்கினேன் என்கிறீர்கள். மலையில் முதுகு வலித்தால் எவனும் பட்டையைத்தான் பார்ப்பான். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

---

இளையவள் எழுதியது:

அண்ணா, நான் கலைஞரும் இல்லை, மலை ஏறியதும் இல்லை. அண்ணனை இழந்த தங்கை. அவருடைய தங்கையும் இதில் இருக்கிறார் என்று படித்ததால் எழுதுகிறேன்.

என் அண்ணன் குரல் எங்களிடம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. போனில் விட்டுப்போன ஒரு குரல் செய்தி, பதினொரு விநாடி. "நான்தான், அப்புறம் பேசுறேன்" என்பதுதான் மொத்தமும். அம்மா தினமும் கேட்பாள். அந்த இணைப்புக்குப் பணம் கட்டுவது ஒரு மாதம் தவறிப்போனது, செய்தி அழிந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பாடிய நல்ல பதிவு இரண்டு இருக்கிறது, யாரோ மேடையில் எடுத்தது. அம்மா அதைக் கேட்பதில்லை. அதில் அவன் எல்லோருக்காகவும் பாடுகிறான். பதினொரு விநாடியில் எங்களிடம் பேசினான்.

சித்திரத்தில் எது இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் வெட்டியது எதுவாக இருந்தாலும், வெட்டினேன் என்று அந்தத் தங்கையிடம் சொல்லுங்கள். அந்த நாற்பத்தேழு நிமிடத்தையும் அப்படியே அவள் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியும் இடமும் சொல்லி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் நண்பரும் சொல்லியிருந்தால் அவை எல்லாவற்றையும் தனியே எடுத்து வரிசையாக வைத்துக் கொடுக்க முடியுமா? சித்திரத்தைக் கேட்கும் முன்பே அவள் அதைத்தான் கேட்பாள்.

---

நிற்கும்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். பதில்களைப் படித்த அன்று என்னால் எதையும் தொட முடியவில்லை.

இரட்டைமுடிச்சு ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: தூங்க மாட்டான். ரெக்கார்டர் ஓடும்போது அவன் ஒருநாளும் தூங்கியதில்லை. படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒலிமேசை சொன்னபடி திறந்து பார்க்க இரண்டு நாள் பிடித்தது.

கூடாரம் மைக்குகளின் பின்னால், வலது பக்கமாக இருந்தது. வலது டிராக்கை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் புகை போன்ற பட்டைகள் தெரிந்தன. கூட்டம் கூட்டமாக ஐந்தாறு பட்டை, பிறகு வெற்றிடம், மறுபடி ஐந்தாறு. அந்த வெற்றிடங்களில் ஒலியை ஏற்றிக் கேட்டேன். அடியில் இன்னொரு மூச்சு இருக்கிறது. மிகமிக மெல்லியது. கம்பளிக்குள் விட்ட மூச்சு. அது நிற்கவே இல்லை. ஒரே ஓர் இடம் தவிர, இருபதாவது நிமிடத்திலிருந்து கடைசி வரை சீராகப் போகிறது.

நின்று நின்று போனது என் மூச்சு. வாயைத் திறந்துகொண்டு உள்ளே தூங்கியவன் நான். இத்தனை மாதம் என் மூச்சைக் கேட்டுத்தான் அவனுக்காக அழுதிருக்கிறேன்.

பிறகு 38-வது நிமிடத்துக்குப் போனேன். அதற்கு முன்னால் உள்ள இடைவெளிகளை அளந்தேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. 38-ல் நின்றது மட்டும் நீள்கிறது. பதின்மூன்று, பதினான்கு. அடியில் இருந்த அந்தச் சீரான மூச்சும் அங்கேதான் முதன்முதலாக அறுபடுகிறது. அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான், கேட்பதற்காக. பதினாறாவது விநாடியில் துணி உரசுகிறது. என் தோளில் கை வைத்திருக்கிறான். உடனே என்னுடைய பெரிய இழுப்பு. மறுபடி துணி, கையை எடுத்துக்கொள்கிறான். ஏரி அந்த நேரம் பார்த்து நீளமாக ஒன்று பாடுகிறது. அந்த இரவிலேயே அதுதான் நல்லது. அதன் மேல்தான் இந்தச் சத்தம் விழுந்திருக்கிறது.

மறுநாள் காலையில் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தான். "இன்றைக்குக் கீழே இறங்கிவிடலாம்" என்றான். ஏரிக்கு மூன்று இரவு என்று திட்டம் போட்டிருந்தோம். முதுகு வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

மூன்றாம்தந்தி, நீங்கள் சொன்னது சரி. பெரும்பாலும் அதையே செய்கிறேன். இருபது முதல் முப்பத்தேழு வரை என் மூச்சு முழுவதையும் எடுத்துவிட்டேன். பதிவு செய்கிறவன் பதிவில் இருக்கக் கூடாது என்றால், தூங்குகிறவனுக்கு அங்கே என்ன வேலை. மூன்றாவது டிராக்கை முதுகெலும்பாக வைத்தேன். இரண்டு இடத்தில் குழைவு தெரிகிறது, அடைக்க முதல் இருபது நிமிடத்து அமைதி போதுமானதாக இருந்தது. அவனுடைய மெல்லிய மூச்சை எடுக்கவில்லை. அதைத் தேடிக் கேட்டால்தான் கேட்கும்.

38-ஐ அப்படியே விட்டுவிட்டேன். அவன் விதியை மீறிய ஒரே இடம் அது, மீறியதும் அவன்தான். அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வேறு மாதிரி நினைப்பவர்கள் இருக்கலாம், எனக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அந்த இடத்தில் பேச ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன், பனியைப் பற்றி. எடுத்துவிட்டேன். அங்கே நான் பேசவில்லை.

இளையவளே, நேற்று அவன் தங்கையைப் போய்ப் பார்த்தேன் அம்மா. நாற்பத்தேழு நிமிடத்தையும் கொடுத்தேன், எதை எடுத்தேன் என்றும் சொன்னேன். நீங்கள் கேட்டது போலவே, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவன் தேதி, உயரம், குளிர் எவ்வளவு, எந்த மைக் என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருப்பான். ஒன்பது வருடத்தில் அறுநூற்றுப் பதினொன்று. அவற்றை வரிசையாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அவள் முதல் ஐந்தைக் கேட்டுவிட்டு, மிச்சத்தை அம்மாவோடு கேட்கிறேன் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். எழுத்து மூலம் வாங்க வேண்டியதையும் வாங்கிவிட்டேன், அவளே கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

குறிப்பேட்டை அவளிடமே கொடுத்துவிட்டு வரத்தான் போனேன். அவள் வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றாள். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "கை அசைவு. என் தவறு" என்பதை அடிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் என் பேனாவால், சின்னதாக, "16 விநாடி" என்று மட்டும் எழுதி வைத்தேன்.